மரமில்லாத தீவில் மரத்துக்கு வேலி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்னர் செய்தி வந்தது. நகர மையத்தில், நிலத்துக்குக் கீழே உள்ள ஒரு கார்த் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தேன். இந்த நாட்டில் எனக்கு அதுதான் வேலை. கூண்டில் உள்ள ரெலிபோன் கொம்பனி அலுவலுக்கு மட்டும் உரியது. வெளியாரில் அந்த இலக்கம் தெரிந்தவர் ஒருவர்தான். ஆகவே மணி அடித்ததும், “சொல்லும் தாசன்” என்றேன்.

“அண்ணை, நான் றீற்றா” என்றது குரல். “இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார் அண்ணை. தேத்தண்ணி ஊத்தச் சொன்னவர். நான் கோப்பையோடை வரேக்கை மேசையிலை தலையை வைச்சபடி…”

வெளியே ஒரு கார் சிட்டையை நீட்டிக்கொண்டு நின்றது. சிட்டையை வாங்காமலே தடையைத் தூக்கிவிட்டேன். தாசனின் மனைவி றீற்றாவுக்கு நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. “பேப்பரிலை நீங்கள்தான் எழுதோணும் அண்ணை. உங்களைப் பற்றித்தான் அவர் எல்லாரிட்டையும் சொல்லித் திரியிறவர்.”

அந்த வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். எழுத மூன்று வாரம் எடுத்ததும் அந்த வாக்கியத்தால்தான். இந்த மாதப் பத்திரிகையைக் கையால் எழுதி, படியெடுத்து, உங்கள் வீடுகளுக்கு அனுப்பும் நாங்கள் நான்கு பேரில் சூசைதாசனை அதிகம் அறிந்தவன் நான். அவர்மீது அதிகம் பொறாமைப்பட்டவனும் நான்தான். ஒன்றை விட்டு மற்றதை எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதோடு, அவர் இருக்கும்போது அவரிடம் சொல்லவேண்டிய ஒரு திருத்தம் என்னிடம் இருந்தது. தினசரிப் பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். இந்தத் திருத்தத்தை நான் இரண்டு வருடமாகப் போடவில்லை.

மரியாம்பிள்ளை சூசைதாசன் நெடுந்தீவில் பிறந்தவர். நில அளவைத் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் படவரைஞராக இருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் இருந்த வீடு போயிற்று. அடுத்த வருடம் மனைவியோடு ரொறன்ரோ வந்து சேர்ந்தார். நான் அவருக்கு ஆறு மாதம் முந்தி வந்தவன், வயதில் ஏழு வருடம் மூத்தவன், கொழும்பில் ஒரு தினசரியில் இருபத்திரண்டு வருடம் நிருபராக இருந்தவன். யாழ்ப்பாணப் பட்டணத்தான். இந்தக் கடைசி விவரத்தை ஏன் சொல்கிறேன் என்று தீவுப்பகுதி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பட்டணத்தில் வளர்ந்த எங்களில் பலர் தீவாரை எவ்வளவு இளக்காரமாகப் பேசினோம் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்காபரோவில் ஒரு கத்தோலிக்க கோயில் மண்டபத்தில், புதிதாக வந்த எங்களுக்குப் பழைய குளிருடுப்புகள் கொடுப்பார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். வாசலில் ஓர் அறிவித்தல் பலகை. கண்ணில் பட்ட எழுத்தை எல்லாம் வாசிப்பது பத்திரிகைக்காரனின் வியாதி. ஒரு சிறு அட்டையில், பழைய வாத்தியார் கையெழுத்தில், ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: வரைபடம் வரையத் தெரிந்தவர் தேவை, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு தீவின் பழைய வரலாற்றை எழுதுகிறோம், ஊதியம் இல்லை, கேக் உண்டு.

“தாசன், உமக்கு உத்தியோகம் வந்திருக்கு காணும்” என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னேன். “சம்பளம் கேக். தீவானுக்குத் தீவு. சாதகம் பாத்துத்தான் போட்டிருக்கினம்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். சூசைதாசன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தனக்கு இரண்டு அளவு பெரிதான ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கழற்றாமலே வந்து அட்டையை இரண்டு தரம் வாசித்தார். “என்ன அளவிலை கீற வேணும் எண்டு போடேல்லையே” என்றார். பிறகு இலக்கத்தைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த அட்டையை முதலில் வாசித்தவன் நான். இதைப் பின்னர் பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அட்டையை எழுதியவர் நோரா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. பிக்கரிங்கில் வாவியைப் பார்த்த சிறு வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தகப்பன் பிறந்த தீவு, அயர்லாந்தின் மேற்கே, மேயோக் கரைக்கு அப்பால் இருக்கிறது. கடைசிக் குடும்பமும் ஐம்பது வருடத்துக்கு முன்னர் கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இப்போது அங்கே கூரையில்லாத வீடுகளும் செம்மறி ஆடுகளும்தான். ஆனால் அந்த வீடுகளுக்கும் ஆயிரம் வருடத்துக்கு முந்தி, கிறிஸ்தவத் துறவிகள் கடலைக் கடந்து போய், தேன்கூடு போலக் கல்லடுக்கி அறை கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். சிலுவை செதுக்கிய பலகைக் கற்கள் நிற்கின்றன. அவர்கள் தின்று எறிந்த சிப்பிகள் மேடாகக் கிடக்கின்றன. அங்குள்ள சில ஆய்வாளர்கள் ஒவ்வொரு கோடையும் போய் அளந்து வருவார்கள், நோராவும் போவார். அவர்களுக்குப் படம் கீறியவர் விலகிவிட்டார். ஒரு பெட்டி நிறைய அளவுகள், கீற ஆளில்லாமல் கிடந்தன.

சூசைதாசன் வார நாட்களில் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டினார். விடுமுறை நாளில் பஸ்ஸும் ரெயினும் எடுத்துப் பிக்கரிங் போய், நோராவின் சாப்பாட்டு மேசையில் கீறினார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி. “என்னத்தைக் கண்டீர் உதிலை?” என்று கேட்டேன். “நல்ல கேக் அண்ணை” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அவையள் அளந்தது சரி. ஆனா சுவரைச் சுவராத்தான் அளந்திருக்கினம். காத்து எந்தப் பக்கத்தாலை வருது எண்டு ஒரு இடத்திலும் குறிக்கேல்லை” என்றார்.

எண்பத்தாறில் அவருக்குக் குடிவரவுக் கடுதாசி கிடைத்தது. அந்தக் கோடையில் நோராவும் ஆய்வாளர்களும் அவரைத் தங்களோடு கூட்டிப்போனார்கள். எனக்கு நாலு தபாலட்டை போட்டார். முதலாவதில் இரண்டே வரி: “இண்டைக்கும் கடல் இறங்க விடேல்லை. ஆறாம் நாள். கரையிலை இருந்து தீவைப் பாத்துக்கொண்டிருக்கிறம்.” அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வாசித்தேன். அவர் காத்திருப்பது ஒரு தீவுக்காக. நான் காத்திருப்பது அடுத்த காருக்காக. ஒருவன் காத்திருப்பதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அட்டைக்கு நான் பதில் எழுதவில்லை.

திரும்பி வந்தபோது முகம் கறுத்து, உதடு வெடித்து, பத்து வயது குறைந்து வந்தார். மோர்னிங்சைட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்றுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். றீற்றா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். “இவரைப் பாருங்கோ அண்ணை, கனடாவுக்கு வந்தும் தீவுக்குத்தான் போறார். நயாகராவை இன்னும் எனக்குக் காட்டேல்லை” என்றார். “அங்கை தண்ணி விழுறது மட்டும்தானே” என்றார் சூசைதாசன்.

அன்றுதான் அவருடைய குறிப்புப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தாளும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடது பக்கத்தில், தீவிலிருந்து கரைக்கு வந்த வயோதிபர்கள் சொன்னது. வலது பக்கத்தில், அதை யார், எங்கே, எப்படிச் சொன்னார் என்பது. “சிரித்துக்கொண்டு சொன்னார்.” “மகன் பக்கத்தில் நின்றபடியால் சொன்னார்.” “மழை, கதவில் நின்றபடியே சொன்னார், உள்ளே கூப்பிடவில்லை.” ஓரிடத்தில் இடது பக்கம் இப்படி இருந்தது: “எங்கள் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை.” வலது பக்கம்: “வேகமாகச் சொன்னார். நான் கேட்காமலே.”

அந்த நாலு சொல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பட்டினி கிடந்த வீடு அது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கும். இருபத்திரண்டு வருடம் நான் நிரப்பிய குறிப்புப் புத்தகங்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. அவை எல்லாம் இடது பக்கம் மட்டுமே.

“உதை ஆர் பழக்கினது உமக்கு?” என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. திணைக்களத்திலை இருக்கேக்கை காணிச் சண்டையளுக்கு அளக்கப் போவம். எல்லைக்கல்லு எங்கை எண்டு கேட்டால், பொய் சொல்லுறவை நிண்ட இடத்திலை நிண்டு கையை நீட்டுவினம். உண்மை சொல்லுறவை நடந்து போய்க் காலாலை தட்டிக் காட்டுவினம். சொன்னதை மட்டும் எழுதினா ரெண்டும் ஒண்டாத்தானே இருக்கும்?”

றீற்றா மீனைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல மீன். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில், அதே கோயில் மண்டபத்தில், சூசைதாசன் தன் தீவைப் பற்றித் தமிழில் பேசினார். நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். சுவரில் படங்கள் விழுத்தினார். தேன்கூட்டு அறைகள், சிலுவைக் கற்கள், கீறல் கீறலாகக் கிடந்த பழைய கிழங்குப் பாத்திகள். கடைசியாக, தரையோடு ஒட்டிய சிறு கல்வட்டங்கள் சிலவற்றைக் காட்டினார். இடுப்பு உயரம், உள்ளே ஓர் ஆள் கை விரிக்கலாம், அவ்வளவுதான். முன்னர் எழுதியவர்கள் இவற்றையும் துறவிகளின் செப அறை என்று சொல்லிவிட்டார்களாம். சூசைதாசன் அதை மறுத்தார். இவற்றுக்கு வாசல் இல்லை. வாசலில்லாத அறைக்குள் துறவி எப்படிப் போவார்? கடல் பக்கத்துச் சுவர் மற்றப் பக்கத்தைவிடத் தடிப்பு. உள்ளே மண் கறுப்பு. வெளியே உள்ளதைவிட ஆழம். ஆகவே யாரோ சுமந்து கொட்டியது. “எங்கட நெடுந்தீவிலை தென்னம்பிள்ளைக்கும் முருங்கைக்கும் இப்பிடித்தான் சுத்திக் கல்லடுக்கிறது” என்றார். “ஆடும் காத்தும் அண்டாது. இது மரத்துக்குக் கட்டின வேலி.”

மண்டபம் கை தட்டியது. நெடுந்தீவார் எழுந்து நின்று தட்டினார்கள். நான் எழுந்தது கை தட்ட அல்ல.

அந்தக் கேள்விக்கு நான் மூன்று சனிக்கிழமை ஆயத்தம் செய்திருந்தேன். பொது நூலகத்தில் உட்கார்ந்து, அந்தக் கரையைப் பற்றி அகப்பட்ட புத்தகங்களை எல்லாம் வாசித்தேன். பேச்சுக்கு முன்னரே படங்களை அவர் வீட்டில் பார்த்திருந்தேன். எங்கே பிடிக்கலாம் என்பது தெரியும். எந்த அமைச்சரைக் கேள்வி கேட்கப் போகும்போதும் நான் இவ்வளவு படித்ததில்லை. உண்மை அறியவேண்டும் என்பது நோக்கமல்ல. நாற்பது பேருக்கு முன்னால் அவர் தடுமாறவேண்டும் என்பதுதான் நோக்கம். இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது.

“தாசன், ஒரு சின்னக் கேள்வி.”

“கேளுங்கோ அண்ணை.”

“நீர் காட்டின ஒரு படத்திலும் மரம் இல்லை. அந்தத் தீவிலை மரம் நிண்டதெண்டு எழுதின ஒரு புத்தகத்தையும் நான் காணேல்லை. காத்துக்கு அங்கை மரமே வராது எண்டுதான் எழுதி இருக்கு. மரமே இல்லாத தீவிலை எந்த மரத்துக்கு வேலி கட்டினவை?”

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: “பனைக்குத்தான்! தீவார் போற இடமெல்லாம் பனையை நட்டுப்போடுவினம்!” மண்டபம் சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சூசைதாசன் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தெரியாது அண்ணை” என்றார். “உதை நான் யோசிக்கேல்லை. எங்கட ஊரை நினைச்சுக்கொண்டு பாத்திட்டன்.” சட்டைப் பையில் இருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, எல்லாரும் பார்த்திருக்க, நின்றபடியே எதையோ எழுதினார்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன். தேநீர் நேரத்தில் றோல்ஸும் கையுமாக நின்றவர்கள் பேசிக்கொண்டது வேறு. “பாத்தியளே, இவ்வளவு படிச்ச மனிசன் தெரியாது எண்டு சொல்லுது.” “எங்கட ஆக்களிலை ஆர் உப்பிடிச் சொல்லுவினம்?” என்னைப் பார்த்தும் ஒருவர் சொன்னார்: “நல்ல கேள்வி மாஸ்டர்.” நான் மாஸ்டர் அல்ல. அவர் பிழை விட்டதிலும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிழை விடுவதையும் அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

அடுத்த கோடையில் அவர் மறுபடி போனார். இந்தத் தடவை தபாலட்டை வரவில்லை. ஆவணி கடைசியில் ஒரு பகல், கார்கள் வரிசையாக வெளியேறும் நேரம், கண்ணாடிக் கூண்டின் பக்கக் கதவில் யாரோ தட்டினார்கள். பார்த்தால் சூசைதாசன், காலடியில் பயணப் பெட்டி. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கியிருக்கிறார். அது வழியே அல்ல.

“அண்ணை, கோவா!” என்றார்.

“என்ன கோவா?”

“மரம் இல்லை அண்ணை. கோவா. சமைக்கிற கோவா, கபேஜ்.”

பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். சூசைதாசன் குனிந்து அவரிடம், ஆங்கிலத்தில், மிகப் பணிவாக, “ஒரு நிமிடம் ஐயா, இரண்டு வருடப் பிரச்சினை” என்றார். பிறகு எனக்குச் சொன்னார். தீவில் பிறந்த கிழவி ஒருவர் கரையில் தனியாக இருக்கிறார். எண்பத்தைந்து வயது. முதல் வருடமும் அவரைக் கண்டவர்தான். ஆனால் அந்த வட்டங்களைப் பற்றிக் கேட்கவில்லை, தெரிந்துவிட்டது என்று நினைத்ததால். இந்த வருடம் போய், உங்கள் தீவில் என்ன மரம் வளர்த்தீர்கள் என்று கேட்டாராம்.

“சிரிச்சா அண்ணை. இருமல் வருமட்டும் சிரிச்சா. அங்கை நாயைக் கட்டவே ஒரு மரம் இல்லை மகனே எண்டா. அப்ப அந்தக் கல்வட்டம் என்னத்துக்கு எண்டன். கோவா நாத்துக்கு. விதையைப் போட்டு நாத்து வளருமட்டும் செம்மறி தின்னாமல், உப்புக்காத்து அடிக்காமல். கடல் சாதாளைப் பாசியும் மண்ணும் தான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை சுமந்தவவாம். வாசல் ஏன் இல்லை எண்டன். வாசல் வைச்சா ஆடு வருமெல்லோ, மொக்குக் கேள்வி கேக்கிறாய் எண்டா.”

வரிசையில் இன்னும் இரண்டு ஹோர்ன் கேட்டது. சூசைதாசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்கள் கேட்டிராட்டி நான் மரம் எண்டே எழுதிப் போட்டிருப்பன் அண்ணை. நெடுந்தீவான் நெடுந்தீவை அயர்லாந்திலை நட்டிட்டு வந்திருப்பான்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார். நான் தடையைத் தூக்கினேன்.

இந்த வருடம் வசந்தத்தில் அவருடைய கட்டுரை அயர்லாந்தில் ஓர் ஆய்விதழில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து, தனிப்படி ஒன்றைத் தந்தார். வரைபடங்கள் எல்லாம் அவர் கீறியவை. ஒவ்வொன்றிலும் காற்று வரும் திசைக்கு ஒரு சிறு அம்புக்குறி. “ஏழாம் அடிக்குறிப்பைப் பாருங்கோ” என்றார். அதைத் தமிழில் தருகிறேன்: “வட்டக் கல்லடைப்புகள் மரங்களுக்கானவை என்று முதலில் கருதினேன். மரமே இல்லாத தீவில் எந்த மரத்துக்கு என்று ரொறன்ரோவில் உள்ள பத்திரிகையாளர் ச. சிவபாதம் கேட்டார். இங்கே தரும் சாட்சியம் அந்தக் கேள்வியால் கிடைத்தது.”

இந்த நாட்டுக்கு வந்தபின் என் பெயர் அச்சில் வந்தது அந்த ஓர் இடத்தில்தான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் கேட்ட கேள்விகளில் யாரும் நன்றி சொன்ன கேள்வியும் அது ஒன்றுதான். அதையே நான் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். “தாசன், அந்தக் கேள்வி…” என்று தொடங்கினேன்.

“ஓம் அண்ணை?” என்றார். கதிரை நுனியில் இருந்து, முகத்தை நீட்டிக் கேட்டார். அவர் அப்படித்தான் எதையும் கேட்பார். அந்த முகத்தைப் பார்த்து, “அந்தக் கேள்வியிலை என்ரை முதலெழுத்தைச் சரியாப் போட்டிருக்கினம்” என்றேன். அவர் சிரித்தார். “நான் ரெண்டு தரம் பாத்தனான் அண்ணை” என்றார்.

அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டேன். கோடையில் அவர் இங்கே இல்லை. மூன்றாம் முறையும் தீவுக்குப் போனார். திரும்பி வந்ததும் தொழிற்சாலையில் வேலை கூட. ரெலிபோனில் இரண்டு தடவை பேசினோம், இரண்டு தடவையும் கார் வந்துவிட்டது. தனிப்படியை மட்டும் நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். பாராட்டினீர்கள்; வாங்கிக்கொண்டேன்.

சவ அடக்கத்துக்கு முதல் நாள், பெட்டி வைத்திருந்த மண்டபத்தில், நீலத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைத் தேடி வந்தார். நோரா. அதுவரை நாங்கள் சந்தித்ததில்லை. “மரம் எங்கே என்று கேட்டவர் நீங்கள்தானே” என்றார். “உங்களைப் பற்றி எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிழவிக்கும் தெரியும். அவர் போகிற வீடெல்லாம் சொல்வார், ரொறன்ரோவில் தனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவரை ஏமாற்ற முடியாது என்று.” என் கைகளை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இறந்தவரின் மனைவிக்குச் செய்வதுபோல எனக்குச் செய்தார். அதை வாங்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

அடக்கம் முடிந்து நாலாம் நாள் றீற்றா ஒரு பையைத் தந்தார். அதற்குள் சூசைதாசனின் குறிப்புப் புத்தகங்கள். “திகதியள் பிழைக்கக் கூடாது எண்டு பாப்பார். நீங்கள் எழுதேக்கை இதுகளைப் பாத்து எழுதுங்கோ” என்றார். அவர் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. “அவற்ரை கையெழுத்தை இப்ப பாக்க ஏலாது அண்ணை.”

பேச்சு நடந்த நாளின் திகதிக்காகத் தேடினேன். எண்பத்தாறாம் ஆண்டுப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. அன்று எல்லாரும் பார்த்திருக்க அவர் நின்றபடி எழுதியது அதுதான். எழுத்து சற்றுச் சரிந்திருந்தது. இடது பக்கம்: “மரமே இல்லாத தீவில் எந்த மரத்துக்கு வேலி?” கோட்டுக்கு வலது பக்கம்: “சிவபாதம் அண்ணை. கோயில் மண்டபம். வெளியே பனி. எரிச்சலோடு கேட்டார். கேள்வி சரி.”

அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வாசித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்ட நிமிடத்திலேயே தெரிந்து, எழுதியும் வைத்துவிட்டார். எரிச்சலை வலது பக்கத்தில் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கடல் கடந்து போய், கோவாவோடு திரும்பி வந்திருக்கிறார். ஏழாம் அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டபோதும், என் கதிரை நுனியில் இருந்து “ஓம் அண்ணை?” என்று கேட்டபோதும் அவருக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? புத்தகத்தை எடுத்து, திகதி போட்டு, வலது பக்கத்தில் ஏதாவது எழுதியிருப்பார். என்ன எழுதியிருப்பார் என்பதுதான் இப்போது எனக்குத் தெரியவேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

புத்தகங்களை நோராவிடம் கொடுக்கும்படி றீற்றா கேட்டிருக்கிறார்; வரும் ஞாயிறு பிக்கரிங் போகிறேன். தனிப்படி என்னிடம் இருக்கும். அவருடைய ஒரு பழக்கத்தையும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறேன். தாளின் நடுவில் கோடு போடுவது. மேலே எழுதியது எல்லாம் இடது பக்கம். வலது பக்கத்தைக் கீழே தருகிறேன்.

சொன்னவர்: ச. சிவபாதம். இடம்: கார்த் தரிப்பிடம், கண்ணாடிக் கூண்டு. வெளியே மழையா, பனியா: தெரியாது, நிலத்துக்குக் கீழே இருந்து சொன்னார். பொறாமையோடு சொன்னார்.